குச்சிக்கு அந்தப் பக்கம்

சின்னக்கானல் பக்கம் சுற்றுலாக்காரர்களை மலையேற்றம் கூட்டிப் போகும் இளைஞர்கள் சிலர் போன மாதம் என்னைத் தேடி வந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வைக்கிறார்களாம். பழைய ஆள் என்ற முறையில் நான் வந்து ஏதாவது பேச வேண்டும் என்றார்கள். யானை துரத்தியது, மூடுபனியில் வழி தப்பியது என்று ஏதாவது எதிர்பார்த்திருப்பார்கள். அதெல்லாம் நடந்ததுதான். ஆனால் எழுந்து நின்றபோது எனக்கு வேறொன்றுதான் வாயில் வந்தது. மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனை, மகன் போன அதே ஏரிக்குக் கூட்டிப்போன கதை. அன்று கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் தேயிலைத் தோட்டக்காரர்களின் மீன்பிடி கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். மலை உச்சியில் புல்மேடுகளுக்கு நடுவே கிடக்கும் குளிர்ந்த ஏரிகளில் வெள்ளைக்காரர்கள் என்றைக்கோ டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். எங்கள் தொழிலாளர் லயத்து வீடுகளில் அதற்குத் துரைமீன் என்று பெயர். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இடத்துக்கு வந்த நம்மூர் துரைமார்களும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஏரிகளுக்குச் சாலை கிடையாது. கூடாரம், கம்பளி, அரிசி, மண்ணெண்ணெய் அடுப்பு, தூண்டில் கம்பு என்று எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்க நடக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் அங்கேயே தங்கி மீன்பிடித்துவிட்டு இறங்குவார்கள். அவர்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவர கிளப்பில் நிரந்தரமாக இருந்தது இரண்டே பேர். ஒருவர் சுடலைமுத்து அண்ணாச்சி. அவருக்குக் கீழே நான்.

முதல் இரண்டு வருடங்கள் சுமந்ததைத் தவிர நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் தூண்டில் நரம்பில் முடிச்சுப் போடவும், மீனை ஏமாற்றக் கோழி இறகில் பூச்சி கட்டவும், ஈரவிறகில் தீ மூட்டவும் பழகினேன். அவ்வளவுதான் என் படிப்பு.

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம். ஒல்லி உடம்பு, எப்போதும் ஒரு காக்கிச் சட்டை. அதிகம் பேச மாட்டார். எந்தத் துரையையும் 'போகாதீங்க' என்று அவர் தடுத்து நான் பார்த்ததில்லை. போகக்கூடாத இடத்தில் தான் போய் நின்றுகொள்வார். துரை அவரைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவார். புறப்படும் முன்பு ஒவ்வொரு பையையும் கையால் தூக்கிப் பார்ப்பார். கனமான பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொள்வார். அதைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது.

ஏரிக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் பையை இறக்கிவிட்டுப் புல்லில் சாய்வார்கள். அண்ணாச்சி மட்டும் நீண்ட ஈட்ட மூங்கில் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு கரையோரம் தண்ணீருக்குள் இறங்கிவிடுவார். ஒரு அடி வைப்பதற்கு முன் கம்பை ஊன்றிப் பார்ப்பார். அழுத்துவார். பிறகுதான் கால். மலை ஏரிகளின் அடித்தரை நம்பத்தகாதது. பாறைப் படிவு போல் உறுதியாக வந்துகொண்டே இருக்கும், சட்டென்று இல்லாமல் போகும். அப்படிப்பட்ட இடங்களில் விளிம்புக்கு நாலைந்து அடி இந்தப் பக்கமே ஒரு குச்சியை ஊன்றி, முனையில் சிவப்புத் துணி கட்டுவார். "துரை, குச்சிக்கு இந்தப் பக்கம் நின்னு வீசுங்க. மீன் இங்கயும் வரும்" என்பார். அத்தனை பேரும் கேட்டார்கள். தண்டபாணி துரையும் கேட்டார், அன்று காலைவரை.

தண்டபாணி எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வந்த உதவி மேனேஜர். வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். கோயமுத்தூரில் படித்தவர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எங்களை வாங்க போங்க என்று பேசிய முதல் துரை அவர்தான். அந்த வருடம் பொங்கல் முடிந்து ஊரிலிருந்து வந்தவர் கொஞ்சம் வாட்டமாக இருந்தார். மீன்பிடிக்கப் போகலாம் என்று கூடப் படித்த நண்பர் ஒருவர் வந்து கிளப்பியதும் சரியென்று புறப்பட்டார். நாங்கள் நாலு பேரும் மேல் ஏரிக்குப் போனோம்.

மறுநாள் காலை அவர் மார்புக்குக் கீழே வரை வரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றார். டிரவுட் பிடிக்கிறவர்கள் போடுவது அது. கால் நனையாது, குளிர் ஏறாது. ஆனால் மேல்பக்கத் திறப்பு வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் ஆளைக் கல்லைப் போல் கீழே இழுக்கும். அண்ணாச்சி எதிர்க்கரையில் நண்பருக்கு நரம்புச் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் கரையில் அடுப்பருகே இருந்தேன். தண்டபாணி துரைக்கு மீன் விழுந்தது, கம்பு வளைந்தது. அவர் கம்பை உயரப் பிடித்தபடி மீன் போகும் பக்கமே நகர்ந்தார். குச்சியைத் தாண்டினார். "துரை, குச்சி!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்து, ஒரு கையை உயர்த்திப் பதில் சொன்னார். இன்னும் ஒரு அடி வைத்தார். அப்புறம் அங்கே ஆள் இல்லை.

அண்ணாச்சி கரையைச் சுற்றி ஓடிவந்து இடுப்பில் கயிறு கட்டிக் குதித்தார். கயிற்றை நான் பிடித்தேன். மூன்றாவது முறை மூழ்கியபோதுதான் அவர் கை துரையின் தோளில் பட்டது. வெளியே இழுத்துப் போட்டு என்னென்னவோ செய்து பார்த்தோம். உயிர் வரவில்லை. கூடாரத் துணியில் கட்டி மூன்று பேருமாகச் சுமந்துகொண்டு இறங்கினோம்.

தேவிகுளத்தில் விசாரணை நடந்தது. குச்சி இருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது. அதை அவர் பார்த்தாரா? பார்த்தார். எச்சரித்தீர்களா? எச்சரித்தோம். யாராவது தள்ளினார்களா? இல்லை, அவராகத்தான் போனார். கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொன்னோம். அப்படியே எழுதிக்கொண்டார்கள். 'அவராகத்தான் போனார்' என்ற சொல் மலையிறங்கி வேலந்தாவளம் போய்ச் சேருவதற்குள் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

மறு வருடத் தொடக்கத்தில், மழை நின்ற சமயம், ஒருநாள் மாலை என் லயத்து வாசலில் ஒருவர் நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் துணிப்பை.

"ஏனுங்க தம்பி, பாண்டிங்கறது நீங்கதானுங்களா?"

"ஆமாங்கய்யா."

"நான் ஆறுச்சாமிங்க. தண்டபாணிக்கு அப்பன்."

உள்ளே வரச் சொன்னேன். என் மனைவி டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். அவர் பையிலிருந்து நிலக்கடலையை எடுத்து அவளிடம் கொடுத்தார். "நம்ம காட்டுதுங்க" என்றார். பிறகு, "அவன் நின்ன எடத்தப் பாக்கோணுமுங்க. நடந்தே வாறேன். அன்னைக்கு எப்பிடிப் போனீங்களோ அப்பிடியே போகோணும்" என்றார்.

அண்ணாச்சியிடம் கூட்டிப்போனேன். அவர் அன்றே தோட்டத்து மேனேஜரான பெரிய துரையைப் பார்க்கப் போனார். பெரிய துரை முடியாது என்றார். முடிந்துபோன விஷயத்தைக் கிளறினால் வழக்கு வரும், கிளப்பின் பேர் கெடும், பெரியவரைச் சமாதானம் சொல்லி பஸ் ஏற்றி விடுங்கள் என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி திரும்பி வந்து என்னைத் தனியாக அழைத்தார்.

"நான் லீவு போட்டுட்டு அவரக் கூட்டிட்டுப் போகப்போறேன். வேலை போனாலும் போவும். நீ வரலைன்னா நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன், பாத்துக்கோ."

"நானும் வாறேன் அண்ணாச்சி" என்றேன். அந்தக் காலையில் அடுப்பருகே இருந்தவன் நான்தான். நான் போகாமல் அவர் எதைச் சொல்வார்?

விடிந்ததும் புறப்பட்டோம். "அவன் செமந்ததையே எனக்குக் குடுங்க" என்றார் ஆறுச்சாமி ஐயா. அண்ணாச்சி மறுக்கவில்லை. ஒரு கம்பளி, மழைக்கோட்டு, பூச்சித் தகரப்பெட்டி, ரீல் என்று துரைமார் சுமக்கும் சின்னப் பையைக் கட்டிக் கொடுத்தார். கூடாரமும் அரிசியும் எங்களிடம். அட்டை ஏறாமல் இருக்க ஐயாவின் காலில் சோப்பும் புகையிலையும் குழைத்துத் தேய்த்துவிட்டார். ஐயா டயர் செருப்போடு நடந்தார். அறுபதை நெருங்கிய ஆள், எங்கேயும் உட்காரவில்லை.

சோலைக்காடு முடிந்து புல்மேடு தொடங்கும் இடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"இத்தன புல்லுங்களா?" என்றார். "ஒரு மாடு இல்லீங்களே."

அண்ணாச்சி சிரித்தார். "இங்க கட்டிப்போட்டா புலி அவுத்துக்கிடும்யா."

வழியில் அவர் பேசியது கிட்டத்தட்ட அவ்வளவுதான். சாயங்காலம் ஏரியை அடைந்தோம். பையை இறக்கிவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்த இடம் என்று கேட்கவில்லை. நாங்களும் கையைக் காட்டவில்லை. அண்ணாச்சி கம்பை எடுத்துக்கொண்டு வழக்கம் போல் கரையோரம் இறங்கினார். ஊன்றினார், அழுத்தினார், கால் வைத்தார். போன வருடம் நட்ட இடத்திலேயே புதிதாக ஒரு குச்சியை நட்டுச் சிவப்புத் துணியைக் கட்டினார். ஐயா அதைக் கண்கொட்டாமல் பார்த்தார்.

காலையில் அண்ணாச்சி தூண்டில் வீசிக் காட்டினார். இரண்டாவது வீச்சிலோ மூன்றாவதிலோ மீன் கவ்வியது. கம்பை அப்படியே ஐயா கையில் கொடுத்துவிட்டார். ரீல் கிறீச்சிட்டுச் சுற்ற, ஐயா இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனூண்டு மீனு இப்பிடி இழுக்குதுங்களே" என்றார்.

மீன் கரையை ஒட்டி ஓடியது. அவரும் கூடவே போனார். கொஞ்ச நேரத்தில் நரம்பு தளர்ந்தது, மீன் தப்பிவிட்டது. அவர் குனிந்து பார்த்தார். முழங்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். வேட்டி நனைந்து காலில் ஒட்டியிருந்தது. எப்போது இறங்கினோம் என்று அவருக்கே தெரியவில்லை. அதே இடத்தில் வெகுநேரம் நின்றார்.

பிறகு கரைக்கு வந்து, "அந்த குச்சிகிட்ட நான் போகோணுமுங்க" என்றார்.

"வேண்டாம்யா" என்றார் அண்ணாச்சி. யாரையும் அவர் அப்படி நேராகத் தடுத்து நான் கேட்டது அன்றுதான்.

"இதுக்குத்தானுங்க வந்தேன்."

அண்ணாச்சி கயிற்றை எடுத்து ஐயாவின் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சைத் தானே இழுத்துப் பார்த்து, என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். ரப்பர் பூட்ஸ் வேண்டாம், வெறுங்காலோடு போங்கள் என்றார். மறுமுனையை நாங்கள் இருவரும் பிடித்துக்கொண்டோம்.

ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெதுவாக இறங்கினார். தண்ணீர் தொடைக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. குச்சியை அடைந்து அதைக் கையால் தொட்டார். அதற்கு அந்தப் பக்கம் ஒரு காலை நீட்டி வைத்தார். தரை இருந்தது. இன்னொரு அடி. அப்போதும் தரை இருந்தது. திரும்பி எங்களைப் பார்த்தார்.

"குச்சியத் தாண்டியும் தர நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.

"ஆமாய்யா. கொஞ்சம் தள்ளித்தான் நடுவேன்" என்றார் அண்ணாச்சி.

ஐயா இன்னும் நகர்ந்தார். கால் விரல்களால் துழாவித் துழாவிப் போனார். நாலாவது அடிக்கு நீட்டிய கால் கீழே இறங்கிக்கொண்டே போனது. சட்டென்று பின்னால் வாங்கிக்கொண்டார். மறுபடி நீட்டினார். விளிம்பைக் காலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிப் பார்த்தார்.

பிறகு அப்படியே நின்றுவிட்டார். முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு குதிகாலை மண்ணில் ஊன்றி நின்றார். அவர் என்ன நினைத்துப் பயந்தாரோ அதையேதான் நானும் பயந்தேன். கூப்பிடவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. மனிதர் மகனோடு இருக்கும் நேரம் அது.

"இங்கதானுங்க மண்ணு உட்டுப் போகுது" என்று சத்தமாகச் சொன்னார். திரும்பி நடந்து வந்தார்.

கம்பளியைப் போர்த்தி, அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டேன். ஐயாவின் பற்கள் கிடுகிடுவென்று அடித்தன. கொஞ்சம் நிதானப்பட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க கூப்பிட்டப்ப அவன் என்னமோ சொன்னான்னு கூட வந்த சிநேகிதன் சொன்னானுங்க. என்ன சொன்னானுங்க தம்பி?"

விசாரணையில் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்காததால் நானும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

"'டீ ஆறாமப் பாத்துக்கங்க பாண்டி, வந்துட்டேன்' அப்படின்னாருய்யா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"வந்துட்டேன்னானுங்களா?"

"ஆமாய்யா. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். அந்தப் பொங்கலுக்கு மகன் வந்தபோது, கொழிஞ்சாம்பாறையில் டீச்சராக இருக்கும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்றானாம். வேறு சாதி. "அவளக் கட்டறதுன்னா இந்த ஊட்டுப்படி ஏறாதேன்னுட்டேனுங்க. மறுபேச்சுப் பேசாமப் பையத் தூக்கிட்டுப் போயிட்டான். அப்பறம் வந்தது இந்தச் சேதிதான். குச்சி நட்டிருந்துது, சொல்லியும் கேக்கல, அவனாத்தான் போனான்னு சொன்னாங்க. நான் என்னன்னுங்க நெனைக்கறது? அவங்கம்மா அன்னைலேர்ந்து எங்கிட்டப் பேசறதில்லீங்க. சோத்த வச்சுட்டுப் போயிருவா."

அண்ணாச்சி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வருடமாக மனதில் வைத்திருந்ததை அவரும் அப்போதுதான் வெளியே எடுத்தார்.

"ஐயா, நான் குச்சிய விளிம்புலயே நட்டிருந்தா, அதத் தாண்டக்கூடாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். தள்ளி நட்டதால, இன்னும் கொஞ்சம் போலாம்னு நினைச்சிட்டாரு. அதத்தான் தெனமும் நினைக்கேன்."

ஐயா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லீங்க. எங்க தோட்டத்துல கைப்புடிச் செவுரு இல்லாத கெணறு இருக்குதுங்க. அதச் சுத்தி முள்ளு போடறோம். கெணத்து வாயிலயா போடுவோம்? பத்தடி தள்ளித்தானுங்க போடோணும். நீங்க செஞ்சது செரிதான்."

அண்ணாச்சி எழுந்து கூடாரத்துக்குப் பின்னால் போனார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. நான் அடுப்பைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

நாங்கள் ஏரிக்குப் போன செய்தி, இறங்கி வருவதற்கு முன்பே பெரிய துரைக்குப் போயிருந்தது. சொல்லை மீறியதற்காக அண்ணாச்சியைக் கிளப்பிலிருந்து எடுத்து, தோட்டத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடிக்கு அனுப்பினார்கள். 'நான் சொல்லித்தான் பாண்டி வந்தான்' என்று அண்ணாச்சி சொல்லிவிட்டதால் என்னை விட்டுவிட்டார்கள். நான் போய் எனக்கும் பங்கு உண்டு என்று சொல்லப் புறப்பட்டேன். அண்ணாச்சி படியிலேயே மறித்து நின்றார். பேசவில்லை, நின்றார். நான் திரும்பிவிட்டேன். ஓய்வு பெறும்வரை அவர் அந்த மாடியில்தான் கொழுந்தைப் பரப்பிக்கொண்டிருந்தார். ஏரிகளைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொண்டு நான் கேட்டதில்லை. அவருக்குப் பிறகு கம்பு என் கைக்கு வந்தது. குச்சியை நானும் தள்ளித்தான் நட்டேன். ஆனால் துரைமாரைத் தண்ணீரில் இறக்கும் முன், விளிம்பு எங்கே இருக்கிறது என்று கம்பை விட்டுக் காட்டிவிட்டுத்தான் இறக்கினேன். பயிற்சிக்கு வந்த இளைஞர்களிடம் நான் தொழிலாகச் சொன்னது இது ஒன்றுதான். தடுத்தால் மட்டும் போதாது, எதற்காகத் தடுக்கிறோம் என்பதையும் காட்டிவிட வேண்டும்.

அடுத்த வருடம் ஒரு பசுமாடு வாங்கலாம் என்று வேலந்தாவளம் சந்தைக்குப் போனேன். தெரிந்த ஆள் அங்கே ஆறுச்சாமி ஐயா ஒருவர்தான். கூட்டத்தில் அவரே என்னைக் கண்டுகொண்டு கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"பேசறாளுங்க" என்றார். "அந்த டீச்சர் பொண்ணையும் போயிப் பாத்தேனுங்க. மலையிலிருந்து எறங்குன வாரமே போனேன். அது என்னைப் பாத்ததும் ஊட்டுக்குள்ளாற போயிருச்சு. வாசல்ல நின்னே எல்லாத்தையும் சொன்னேன். மண்ணு உட்டுப் போச்சும்மா, அவனாப் போகல, மீனுக்குப் பொறத்தால போனான்னு சொன்னேன். அப்பறந்தான் வெளிய வந்துது. அதுவும் ஒரு வருசமா, தன்னாலதான் போயிட்டான்னு நெனச்சுட்டு இருந்திருக்குதுங்க."

மாடுகளின் சத்தத்தில் அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை. நெருங்கி நின்றேன்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க கேட்டுது. தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருந்துச்சுங்களான்னு கேட்டுது. நான் எறங்கிப் பாத்தவன்ல? ஆமாம்மா, சில்லுன்னுதான் இருந்துது, காலு ஒடனே மரத்துப் போகுது, வலி தெரியாதுன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு, நான் விலை பேசி முடித்து வைத்திருந்த மாட்டிடம் போய், அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்.

"இது வேண்டாமுங்க தம்பி, வயசாயிருச்சு" என்றார். "வாங்க, நல்லதாப் பாக்கலாம்."